கார் கம்பெனியில் பிறந்த எலும்புப் படம்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட் நகரை ஒட்டி டியர்பார்ன் என்று ஓர் ஊர். ஃபோர்டு கார் நிறுவனத்தின் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது. அதன் ஆராய்ச்சிப் பிரிவில் வேலை பார்த்த மூன்று பேர், எல். ஏ. ஃபெல்ட்காம்ப், எல். சி. டேவிஸ், ஜே. டபிள்யூ. கிரெஸ், 1984-ல் எட்டுப் பக்கக் கட்டுரை ஒன்றை எழுதினார்கள். அதை வெளியிட்டது அமெரிக்க ஒளியியல் கழகத்தின் இதழ். மருத்துவர்கள் புரட்டிப் பார்க்கும் இதழ் அல்ல அது. கட்டுரையில் நோயாளி இல்லை, நோய் இல்லை. ஒரு பொருளைச் சுற்றி எடுத்த எக்ஸ்ரே நிழல்களிலிருந்து அந்தப் பொருளின் முழு உருவத்தையும் ஒரே மூச்சில் கட்டியெழுப்பும் கணக்கு மட்டும் இருந்தது.

இன்று பல் மருத்துவரின் அறையில் தாடையைச் சுற்றிவரும் கருவியும், கணுக்கால் வலியோடு வந்தவரை நிற்கவைத்தே படமெடுக்கும் கருவியும் அந்தக் கணக்கையோ அதன் வாரிசுகளையோ வைத்துத்தான் படத்தை உருவாக்குகின்றன. மருத்துவமனைகளில் இதை கோன் பீம் சிடி என்கிறார்கள். கூம்புக்கதிர் சிடி என்று வைத்துக்கொள்ளலாம். கை கால் எலும்பையும் மூட்டையும் பார்ப்பதற்கு எக்ஸ்ரே வழிகளில் இதுவே மிகப் பொருத்தமானது என்பது என் கருத்து. இதன் பிறப்பிலேயே அந்தப் பொருத்தம் இருந்தது. ஃபோர்டு ஆய்வுக்கூடத்தில் பிறந்த சில ஆண்டுகளுக்குள் இது எலும்பைப் பார்த்துவிட்டது. பிறகு பல் மருத்துவத்திலும் புற்றுநோய்ச் சிகிச்சையிலும் வளர்ந்து, இருபது ஆண்டுக்கு மேல் கழித்துத்தான் எலும்பு மருத்துவரின் வாசலுக்கு வந்து சேர்ந்தது.

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்தே சொல்ல வேண்டும்.

எக்ஸ்ரே உலகுக்கு அறிமுகமானதே எலும்பைக் காட்டித்தான். 1895 டிசம்பர் 22-ஆம் தேதி ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் ரோன்ட்கன் தன் மனைவியின் கையைப் படமெடுத்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் தெரிந்த அந்தப் படத்துக்குப் பிறகு சில மாதங்களிலேயே உலகெங்கும் மருத்துவர்கள் எலும்பு முறிவைப் பார்க்க எக்ஸ்ரேயைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் எக்ஸ்ரே படம் என்பது நிழல். முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த நிழல். தொடை எலும்பு இரண்டாக முறிந்திருந்தால் அந்த நிழலே போதும். மணிக்கட்டில் அது போதாது. அங்கே எட்டுச் சின்ன எலும்புகள் இரண்டு வரிசையாக அடுக்கியிருக்கின்றன. எந்தக் கோணத்தில் எடுத்தாலும் ஒன்று இன்னொன்றை மறைக்கிறது. கையை ஊன்றிக் கீழே விழுந்தவருக்கு அவற்றில் ஒன்றான ஸ்கேஃபாய்டு எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கும். படத்தில் ஒன்றும் தெரியாது. பத்து நாள் கழித்து வரச் சொல்லி மறுபடியும் எடுப்பார்கள். அந்த எலும்பின் ஒரு பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைவு. விரிசலைக் கவனிக்காமல் விட்டால் எலும்பு சேராமல் போகலாம், ஒரு துண்டு செத்தே போகலாம். பாதத்தின் நடுப்பகுதியும் இப்படித்தான். நிழல் படத்தால் தீராத இந்தச் சங்கடம் முக்கால் நூற்றாண்டு நீடித்தது.

தீர்வுக்கான கணிதம் மட்டும் முன்பே தயாராக இருந்தது. ஆஸ்திரியக் கணித அறிஞர் யோகான் ராடன் 1917-லேயே, ஒரு பொருளின் ஊடே எல்லாத் திசையிலும் கோடு போட்டு ஒவ்வொரு கோட்டின் மொத்த அளவும் தெரிந்தால், அந்தப் பொருளின் உள்ளே எங்கே என்ன இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கலாம் என்று நிறுவியிருந்தார். அவருக்கு எக்ஸ்ரே பற்றிய எண்ணமே இல்லை. கேப்டவுன் மருத்துவமனையில் கதிரியக்கப் பணியை மேற்பார்த்த இயற்பியலாளர் ஆலன் கோர்மக், ராடனை அறியாமலேயே அதே கணக்கைப் போட்டு 1963, 1964-ல் வெளியிட்டார். யாரும் கண்டுகொள்ளவில்லை. லண்டனில் இஎம்ஐ நிறுவனத்துப் பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு, இவர்கள் இருவரையும் அறியாமல் கருவியையே செய்துவிட்டார். 1971 அக்டோபர் 1-ஆம் தேதி விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் ஒரு பெண்ணின் மூளை முதன்முதலாக சிடி ஸ்கேன் செய்யப்பட்டது. அகலத்தில் 80, உயரத்தில் 80 என்று கட்டம் கட்டமாக இருந்த படம் அது. அதிலேயே கட்டி தெரிந்தது. கோர்மக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டும் 1979-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி உடலை வாழைத்தண்டு நறுக்குவதுபோல வில்லை வில்லையாகப் பார்த்தது. மெல்லிய கதிர் ஒன்று குறுக்கே ஓடும், கொஞ்சம் திரும்பும், மறுபடி ஓடும். ஒரு சுற்று முடிந்த பிறகுதான் அடுத்த வில்லைக்கு நகரும். வில்லையின் தடிமனோ ஒரு சென்டிமீட்டரை ஒட்டி இருந்தது. மூளைக்கு இது பெரிய வரம். ஆனால் சிறிய மணிக்கட்டு எலும்பின் மயிரிழை விரிசல் அந்தத் தடிமனுக்குள் அப்படியே கரைந்துபோய்விடும்.

அதே 1971-ல் இன்னொரு காரியமும் நடந்தது. தமிழ்நாட்டில் இதைப் போதுமான அளவு யாரும் சொல்வதில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையை 1952 முதல் பல ஆண்டுகள் நடத்திவிட்டு பெங்களூருக்குப் போன ஜி. என். ராமச்சந்திரன், ஏ. வி. லட்சுமிநாராயணனோடு சேர்ந்து அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். பல கோணங்களில் எடுத்த நிழல்களை, அவை வந்த வழியே திருப்பி ஒரு வெற்றிடத்தில் பரப்பிக்கொண்டே போனால் பொருளின் உருவம் மெல்லத் தெரியவரும். ஆனால் பனிமூட்டத்துக்குள் இருப்பதாகவே தெரியும். பரப்புவதற்கு முன் ஒவ்வொரு நிழலையும் தக்க ஒரு வடிகட்டி வழியாக அனுப்பினால் அந்த மூட்டம் விலகிவிடும். அதுவரை இதற்கு ஃபூரியர் மாற்றம் என்ற நீண்ட வழியில் போய்த் திரும்ப வேண்டியிருந்தது. அன்றைய கணினிகளுக்கு அது பெரும் பாரம். ராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும் அந்தச் சுற்று இல்லாமல், எளிய பெருக்கல் கூட்டலாக நேரடியாகச் செய்யும் சூத்திரத்தைக் கொடுத்தார்கள். விரைவு, துல்லியம் இரண்டுமே கூடின. வானொலி வானியலில் பிரேஸ்வெல், ரிடில் என்ற இருவர் 1967-லேயே இந்த வழியைத் தொட்டிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் எக்ஸ்ரே படத்துக்கு வழிகாட்டியது 1971-இன் கட்டுரைதான். சிடி பொறியாளர்கள் இன்றும் அந்த வடிகட்டியை ராம்-லேக் என்றே அழைக்கிறார்கள். இரண்டு பேரின் பெயர்ச் சுருக்கம் அது.

லட்சுமிநாராயணன் அதோடு நிற்கவில்லை. 1975-ல் பஃபலோ நகரில் உள்ள நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த அவருடைய அறிக்கை, இணையாகச் செல்லும் கதிர்களுக்கென்று இருந்த சூத்திரத்தை விசிறிபோல் விரியும் கதிர்களுக்கு நீட்டியது. எக்ஸ்ரே குழாயிலிருந்து கதிர்கள் ஒரு புள்ளியில் கிளம்பி விரிந்துதான் வருகின்றன. இயற்கையாகவே அப்படி வருவதை ஏற்றுக்கொண்டு கணக்குப் போட முடிந்ததால், ஒரு வில்லையை ஒரே சுற்றில் வேகமாக எடுக்க முடிந்தது.

ராமச்சந்திரனுக்கும் எலும்புக்கும் இன்னொரு உறவும் உண்டு. அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல் சென்னையிலிருந்து நேச்சர் இதழுக்கு எழுதியது கொலாஜன் என்ற புரதத்தின் வடிவத்தைப் பற்றி. மூன்று இழைகள் முறுக்கிய வடம் அது என்று அவர்கள் முன்வைத்தார்கள். எலும்பின் தாதுக்கள் படிந்திருப்பது அந்த வடத்தின் மேல்தான். எலும்பு உடையாமல் கொஞ்சம் வளைந்து கொடுப்பதும், குருத்தெலும்பும் ஜவ்வும் இழுவையைத் தாங்குவதும் கொலாஜனால்தான். எலும்பு எதனால் நெய்யப்பட்டிருக்கிறது என்பதைச் சொன்னவரே, எலும்பை அறுக்காமல் உள்ளே பார்க்கும் கணக்குக்கும் அடித்தளம் போட்டிருக்கிறார். இரண்டையும் ஒருசேர வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஏற்படும் மகிழ்ச்சியை மறைக்கத் தோன்றவில்லை.

விசிறி வரை வந்தாயிற்று. விசிறி தட்டையானது, ஒரு நேரத்தில் ஒரு வில்லைதான் பார்க்கும். எக்ஸ்ரே குழாயின் வாயை முழுதாகத் திறந்துவிட்டால் கதிர்கள் கூம்பாக விரியும். எதிரே ஒற்றை வரிசை உணர்கருவிக்குப் பதில் ஒரு பலகையையே வைத்தால், ஒரு முறை சுற்றி வந்ததும் மேலிருந்து கீழ்வரை முழு உறுப்பும் பதிந்துவிடும். இந்த எண்ணம் ஃபோர்டுக்கு முன்பே இருந்தது. மின்னசோட்டாவின் மேயோ கிளினிக்கில் துடிக்கிற இதயத்தை முப்பரிமாணத்தில் பார்க்கும் ஆசையோடு, 14 எக்ஸ்ரே குழாய்களை அரைவட்டமாக அடுக்கி, பல டன் எடையில் ஒரு ராட்சசக் கருவியைக் கட்டினார்கள். அது ஆராய்ச்சிக்குப் பயன்பட்டது. மற்ற ஆஸ்பத்திரிகளுக்குப் பரவவில்லை. அவ்வளவு பெரிய கருவியை யாரால் வாங்கி வைக்க முடியும்?

ஃபோர்டின் தேவை வேறு. மோட்டார் வாகனத்துக்கான பீங்கான் வகைப் பாகங்களில் கண்ணுக்குத் தெரியாத வெற்றிடமோ கீறலோ இருந்தால், ஓடும்போது அது உடையும். பாகத்தை அறுத்துப் பார்த்தால் கீறல் தெரியும், பாகம் போய்விடும். அறுக்காமல் பார்க்க வேண்டும், நுணுக்கமாகவும் பார்க்க வேண்டும். பாகம் அசையாது, மூச்சு விடாது, கதிர்வீச்சால் அதற்கு நோய் வராது. எனவே குழாயையும் பலகையையும் நிலையாக வைத்துவிட்டு நடுவில் பொருளைச் சுழற்றலாம். குறையாக இருந்தது கணக்குதான்.

கூம்புக்கான கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. பொருளைச் சுற்றி ஒரே வட்டத்தில் போய்வந்தால் போதுமான தகவல் கிடைக்காது. பொருளை வெட்டும் எந்தத் தளத்தை எடுத்துக்கொண்டாலும், கதிர் கிளம்பும் புள்ளி ஓடுகிற பாதை அந்தத் தளத்தை எங்காவது தொட்டாக வேண்டும். துய் என்ற கணிதவியலாளர் 1983-ல் இந்த நிபந்தனையைத் தெளிவாக எழுதினார். ஒற்றை வட்டம் அதை நிறைவேற்றாது. வட்டத்துக்கு மேலே கிடைமட்டமாக ஒரு தளத்தை நினைத்துப் பாருங்கள். வட்டப் பாதை அதைத் தொடவே தொடாது. ஆகவே வட்டத்தில் சுற்றி எடுக்கும் படம் நடுத்தளத்தில் மட்டும் சரியாக இருக்கும். மேலும் கீழும் போகப் போகப் பிழை கூடும். கணிதத்தில் சுத்தம் வேண்டுமென்றால் பாதையை மாற்ற வேண்டும், கருவி சிக்கலாகும்.

ஃபெல்ட்காம்பும் மற்ற இருவரும் அந்தப் பிழையை ஏற்றுக்கொண்டார்கள். இது தோராயம்தான் என்று கட்டுரையில் ஒளிக்காமல் சொல்லிவிட்டு, விசிறிச் சூத்திரத்தையே எடுத்துக் கூம்புக்கு நீட்டினார்கள். பலகையில் பதிந்த ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் சாய்வுக்கேற்ற ஓர் எடையைக் கொடு. வரிசை வரிசையாக வடிகட்டு. கூம்பின் வழியே முப்பரிமாண வெளியில் திருப்பிப் பரப்பு. அவ்வளவுதான் முறை. கூம்பு மிக அகலமாக விரியாத வரை பிழை சிறிது. கணினிக்கும் இது தாங்கக்கூடிய வேலை. அவர்களுடைய பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து எஃப்டிகே என்று வழங்கும் இந்த முறை, நாற்பது ஆண்டுகள் ஆகியும் வழக்கொழியவில்லை. சுத்தமான கணக்கு வரட்டும் என்று காத்திருக்காமல், எவ்வளவு பிழை, எங்கே பிழை என்று தெரிந்துகொண்டு முன்னே போன அவர்களுடைய துணிவை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இந்த முறையில் கிடைக்கும் உருவம் சின்னஞ்சிறு கனசதுரங்களால் ஆனது. நீளம், அகலம், உயரம் மூன்றும் சமம். வில்லை முறையில் குறுக்கே கூர்மையாகவும் நெடுக்கே மங்கலாகவும் இருக்கும். இங்கே எந்தத் திசையில் வெட்டிப் பார்த்தாலும் ஒரே கூர்மை. உடலின் அச்சுக்கு நேராக எந்த மூட்டும் அமைந்திருப்பதில்லை என்பதால், மூட்டு பார்ப்பவருக்கு இது பெரிய காரியம்.

டெட்ராய்ட் நகரில் ஹென்றி ஃபோர்டு 1915-ல் தொடங்கிய மருத்துவமனை ஒன்று அவர் பெயரிலேயே இருக்கிறது. 1980-களில் அங்கே எலும்பு மெலிதல் நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார் ஏ. எம். பார்ஃபிட். எலும்பின் நுண்ணமைப்பை அளப்பதற்கான சொற்களையும் குறியீடுகளையும் 1987-ல் வரையறுத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அவர். எலும்பின் முனைகளிலும் முதுகெலும்பிலும் உள்ளே இருப்பது கெட்டியான திண்டு அல்ல; மெல்லிய கம்பிகளும் தகடுகளும் பின்னிய பஞ்செலும்பு. வயதாக ஆக அந்தக் கம்பிகள் மெலிகின்றன, சில அறுந்தே போகின்றன. மொத்தத்தில் எவ்வளவு எலும்பு மிச்சம் என்பதைப் போலவே, மிச்சமிருக்கும் கம்பிகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றனவா என்பதும் எலும்பின் வலிமையைத் தீர்மானிக்கிறது. ஆனால் அன்று அதைப் பார்க்க இருந்த வழி, இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்து ஒரு துண்டெடுத்து, மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் வைப்பது. சீவலில் ஒரு கம்பி முடிந்துவிடுவதுபோல் தெரியும். நிஜமாகவே அறுந்திருக்கிறதா, மேலேயோ கீழேயோ போய்ச் சேர்ந்திருக்கிறதா? சீவலைப் பார்த்துச் சொல்ல முடியாது. சீவிய துண்டைத் திரும்ப ஒட்டவும் முடியாது.

பீங்கானுக்குள் கீறல் தேடும் கருவி சில மைல் தொலைவில் இருந்தது. ஃபெல்ட்காம்பும் ஃபோர்டில் அவருடைய சக ஆய்வாளர் ஒருவரும், பார்ஃபிட்டும் அவருடைய சகாவான கிளீரெகோப்பரும், அருகே ஆன் ஆர்பரில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எலும்பியல் ஆய்வாளர் ஸ்டீவன் கோல்ட்ஸ்டைனும் ஒன்று சேர்ந்தார்கள். எலும்புத் துண்டை அந்தக் கருவியில் சுழலவிட்டார்கள். 1989-ல் எலும்பு ஆராய்ச்சி இதழ் ஒன்றில் முடிவு வெளிவந்தது: அறுக்காமல், சீவாமல், பஞ்செலும்பின் பின்னலை முப்பரிமாணத்தில் நேரடியாகப் பார்க்கலாம், எந்தக் கம்பி எதோடு சேர்கிறது என்று எண்ணலாம். பார்த்து முடித்த பின் அதே துண்டை அழுத்தி, எவ்வளவு பாரத்தில் நொறுங்குகிறது என்றும் சோதிக்கலாம். மைக்ரோ சிடி என்று இன்று எலும்பு ஆராய்ச்சிக் கூடங்களில் அன்றாடம் புழங்கும் கருவிகளின் தொடக்கம் இது. சூரிக்கில் பீட்டர் ரூக்செக்கரின் குழு இதே திசையில் தனியே வளர்ந்து, உயிருள்ளவரின் முன்கையிலும் கணுக்காலுக்கு மேலும் பஞ்செலும்பைப் பார்க்கும் கருவி வரை கொண்டுபோனது.

எலும்புக்கு இந்த முறை ஏன் இவ்வளவு ஒத்துப்போகிறது? கூம்புக் கதிர் உறுப்பு முழுவதையும் ஒரே நேரத்தில் நனைக்கிறது. அதனால் உள்ளே பட்டுச் சிதறும் கதிர்கள் அதிகம். சிதறியவை பலகையில் விழுந்து படத்தை வெளுக்கச் செய்கின்றன. கல்லீரலுக்கும் அதற்குள் இருக்கும் கட்டிக்கும் இடையே உள்ள சிறு வேறுபாடு இந்த வெளுப்பில் காணாமல் போகும். எலும்புக்கும் சதைக்கும் உள்ள வேறுபாடோ மிகப் பெரிது. அந்த வெளுப்பையும் மீறித் தெரியும். கை, கால் போன்ற மெல்லிய உறுப்புகளில் சிதறலே குறைவு. கூம்புக்கதிரின் பெரிய பலவீனம் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் பொருட்டில்லாமல் போகிறது.

ஆனாலும் நோயாளிகளிடம் இது முதலில் பரவலாகப் போனது பல் மருத்துவத்தின் வழியே. இத்தாலியின் வெரோனா நகரில் மொஸ்ஸோ, தக்கோனி முதலியோர் உருவாக்கிய நியூடாம் 9000 கருவி 1996-ல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. ஜப்பானில் நிஹோன் பல்கலைக்கழகத்தின் யோஷினோரி அராய், அதை அடுத்து 1997-ல் ஆர்த்தோ சிடி என்ற சிறிய கருவியைச் செய்தார். பல்லும் தாடையும் கெட்டியானவை, பார்க்க வேண்டிய இடமும் சிறிது, பல் மருத்துவரின் அறையில் பெரிய சிடி கருவி வைக்க இடமும் இல்லை, காசும் இல்லை. பல் பதிக்கும் சிகிச்சை பரவியதோடு இந்தக் கருவியும் உலகமெங்கும் பரவியது. தாடை மண்டையோட்டில் பொருந்தும் காதோர மூட்டையும் பல் மருத்துவர்கள் இதில் பார்த்தார்கள். வாய் திறக்க வலிக்கிறது, கடக்கென்று சத்தம் வருகிறது என்று வருபவரிடம் அந்த மூட்டின் எலும்பு தேய்ந்திருக்கிறதா, முள்போல் வளர்ந்திருக்கிறதா என்று தெரிந்தது. கூம்புக்கதிர் சிடி மருத்துவப் பழக்கத்தில் பார்த்த முதல் மூட்டு நோய் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

அடுத்த கட்டம் மறுபடியும் மிச்சிகனில்தான் நடக்கிறது. டியர்பார்ன், டெட்ராய்ட், ஆன் ஆர்பர், ராயல் ஓக் நான்கும் காரில் ஒரு மணி நேரத் தொலைவுக்குள் அடங்கும் ஊர்கள். ஆன் ஆர்பரில் லாரி அன்டனுக்கின் குழு, கண்ணாடித் தகட்டின் மேல் சிலிக்கானைப் படியவைத்து எக்ஸ்ரேயை மின்குறிகளாக மாற்றும் தட்டைப் பலகைகளை வளர்த்தெடுத்தது. முந்தைய கருவிகளில் இருந்த பருத்த குழல் போன்ற பிம்பப் பெருக்கிகள் படத்தின் ஓரங்களை வளைத்துக் காட்டும். இந்தப் பலகைகளில் அந்தக் கோணல் இல்லை. அங்கே ஆய்வு செய்த ஜெஃப்ரி சீவர்ட்சன், ராயல் ஓக்கின் வில்லியம் போமான்ட் மருத்துவமனைக்குப் போய், டேவிட் ஜாஃப்ரேயோடு சேர்ந்து புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை தரும் கருவியிலேயே கூம்புக்கதிர் சிடியைப் பொருத்தினார். சிகிச்சைக்குச் சற்று முன் கட்டி எங்கே இருக்கிறது என்று சரிபார்ப்பதற்காக. 2000, 2002-ல் அந்தக் கட்டுரைகள் வெளிவந்தன. ஏறக்குறைய அதே காலத்தில் அறுவைக் கூடங்களிலும் சி வடிவ எக்ஸ்ரே கருவிகள் தாமாகச் சுற்றிவந்து முப்பரிமாணப் படம் தரத் தொடங்கின. நொறுங்கிய குதிகால் எலும்பைச் சேர்த்துத் திருகாணி போட்ட மருத்துவர், தையல் போடுவதற்கு முன்பே மூட்டின் பரப்பு சமமாக வந்திருக்கிறதா, திருகாணி மூட்டுக்குள் துருத்துகிறதா என்று பார்த்துத் திருத்திக்கொள்ள முடிந்தது. முன்பெல்லாம் இது மறுநாள் சிடியில் தெரிந்து, மறுபடி அறுவைக்கூடத்துக்குப் போக வேண்டி வரும்.

சீவர்ட்சன் பின்னர் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே ஸ்பிஜெவ்ஸ்கி, எலும்பு மூட்டுப் படங்களில் தேர்ந்த கதிரியல் மருத்துவர் ஜான் கரீனோ முதலியோருடன் கை கால்களுக்கென்றே ஒரு கருவியை வடிவமைத்தார். 2011-ல் அதன் வடிவமைப்பு வெளியாயிற்று. கேர்ஸ்ட்ரீம் நிறுவனம் அதை விற்பனைக் கருவியாக்கி 2016-ல் அமெரிக்க அரசின் அனுமதி பெற்றது. அந்தக் கருவியில் எக்ஸ்ரே மூலங்கள் மூன்று, ஒன்றன்கீழ் ஒன்றாக. ஒற்றை வட்டம் போதாது என்று துய் எழுதிய குறையை மூன்று வட்டங்களால் குறைக்கும் ஏற்பாடு இது. இதற்குச் சற்று முன்பே, பல் கருவிகளுக்குப் பேர்போன பிளான்மெகா குழுமத்தைச் சேர்ந்த பின்லாந்தின் பிளான்மெட் நிறுவனமும், பென்சில்வேனியாவின் கர்வ்பீம் நிறுவனமும் பாதத்துக்கான கருவிகளைக் கொண்டுவந்திருந்தன. கர்வ்பீமின் பெட்கேட் கருவியில் நோயாளி ஏறி இரு காலிலும் நிற்பார். ஒரு நிமிடம் போல அசையாமல் நின்றால் போதும். குழாயும் பலகையும் பாதங்களைச் சுற்றிவரும்.

நிற்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பெர்லின் மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-ல் எழுதியபடி, எலும்பு தன்மேல் விழும் சுமைக்கேற்பத் தன்னைக் கட்டிக்கொள்கிறது. பாதத்தின் எலும்புகள் உடல் பாரத்தைத் தாங்கவே அப்படி வளைந்தும் கோத்தும் இருக்கின்றன. ஆனால் சிடி கருவியில் நோயாளியைப் படுக்கவைப்பார்கள். படுத்ததும் பாதத்துக்குச் சுமை இல்லை. நோயின் பாதி அங்கேயே மறைந்துவிடும். நிற்கவைத்து எடுக்கும் சாதா எக்ஸ்ரே எப்போதும் உண்டு, ஆனால் அது நிழல். சுமையோடு பார்த்தால் நிழல், முப்பரிமாணத்தில் பார்த்தால் சுமையில்லை. பாத மருத்துவர்கள் பல தலைமுறைகளாக இந்த இரண்டுக்கும் இடையில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். படுத்தவரின் உள்ளங்காலில் பலகை வைத்து அழுத்திச் சுமையைப் போலி செய்யக்கூட முயன்றார்கள்.

தட்டைப் பாதத்தை எடுத்துக்கொள்வோம். நடுவயதில் உள்வளைவு மெல்லச் சரியும் வகை. படுக்கையில் வளைவு ஓரளவு இருப்பதாகவே தெரியும். நின்றதும் குதிகால் எலும்பு வெளிப்பக்கம் சாய்கிறது, அதன்மேல் உட்கார்ந்திருக்கும் கணு எலும்பு உள்ளே சரிகிறது, குதிகால் எலும்பின் வெளிப்பக்கம் கணுக்கால் முட்டின் அடியில் போய் இடிக்கிறது. வலி உள்பக்கத்தில் தொடங்கி வெளிப்பக்கத்துக்கு மாறியது ஏன் என்பதற்கு விடை அந்த இடிபாட்டில் இருக்கிறது. நின்றபடி எடுத்த கூம்புக்கதிர் படத்தில்தான் அதை நேரே பார்க்க முடியும். 2020-ல் இந்த நோய்க்குப் புதுப்பெயரும் புது வகைப்பாடும் கொடுத்த நிபுணர் குழு, நின்ற நிலை சிடியின் பயனைத் தனியே எடுத்துச் சொன்னது.

பெருவிரல் கோணலும் அப்படியே. பக்கவாட்டில் விரல் சாய்வதாக மட்டுமே எக்ஸ்ரே காட்டிவந்தது. அதன் பின்னால் உள்ள நீள எலும்பு தன் அச்சிலேயே உருண்டு திரும்பியிருப்பதை நின்ற நிலை சிடி கண்ணுக்குக் காட்டியது. அதன் அடியில் இருக்கும் இரண்டு பட்டாணி எலும்புகள் தம் பள்ளத்தைவிட்டு விலகியிருப்பதும் தெரிந்தது. சாய்வை மட்டும் திருத்திவிட்டுச் சுழற்சியை விட்டுவிட்டால் கோணல் திரும்பி வரக்கூடும் என்பதால், அறுவை செய்வோரின் திட்டமே இதனால் மாறிவருகிறது. நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சு அறுவை மருத்துவர் லிஸ்ஃபிராங்க்கின் பெயரைத் தாங்கிய நடுப்பாத மூட்டில், ஜவ்வு அறுந்து எலும்புகள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகும் காயம் ஒன்று உண்டு. சுமை ஏறினால்தான் அந்த இடைவெளி திறக்கும். சுளுக்கு என்று அனுப்பிவிட்டால் சில ஆண்டுகளில் அந்த மூட்டே தேய்ந்துபோகும். முழங்கால் தேய்மானத்திலும், மூட்டின் எந்தப் பக்கத்தில் எலும்போடு எலும்பு உரசுகிறது என்பது நிற்கும்போதுதான் உள்ளபடி தெரிகிறது.

கதிர்வீச்சைப் பற்றிப் பலர் பயப்படுவதால் சொல்லிவிடுகிறேன். கையும் காலும் கதிர்வீச்சால் எளிதில் கெடும் உள்ளுறுப்புகளிலிருந்து தள்ளி இருக்கின்றன. பாதத்துக்கோ மணிக்கட்டுக்கோ எடுக்கும் ஒரு கூம்புக்கதிர் படத்தின் பயனுறு அளவு மைக்ரோசீவர்ட் கணக்கில்தான் வரும். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாக நம் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆண்டில் கிடைப்பது, உலக சராசரியாக, 2.4 மில்லிசீவர்ட், அதாவது 2,400 மைக்ரோசீவர்ட்.

இதால் முடியாதவற்றையும் மறைக்கக் கூடாது. கிழிந்த ஜவ்வு, குருத்தெலும்பின் பரப்பு, எலும்பு மச்சையில் கோத்த நீர் இவற்றுக்கு எம்ஆர்ஐதான் வேண்டும். எலும்பில் பிளவு விழாமல் உள்ளே நசுங்கல் மட்டும் இருந்தால் இது காட்டாது. ஒரு நிமிடச் சுற்றில் கால் நடுங்கினால் எலும்பின் விளிம்பு இரட்டையாகத் தெரியும். வலியோடு நிற்கிற முதியவரிடம் இது அடிக்கடி நேரக்கூடியது. சிதறல் காரணமாக இதன் சாம்பல்நிற அளவுகள் சாதாரண சிடியின் ஹவுன்ஸ்ஃபீல்டு எண்களைப்போல நம்பகமானவை அல்ல. அதை வைத்து எலும்பின் அடர்த்தியைச் சொல்வது சரியாகாது. யூரிக் அமிலப் படிகத்தை நிறம் பிரித்துக் காட்டவும் இதனால் இயலாது; அந்தப் படிகத்தால் வரும் கௌட் நோய் எலும்பை அரித்திருந்தால் அந்த அரிப்பைக் காட்டும். முடக்குவாதத்தில் விரல் மூட்டு ஓரங்களில் விழும் சிறு குழிகளை, 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர் வரையிலான கனசதுரங்களில், சாதா எக்ஸ்ரேயைவிட முன்னதாகவே காட்டும்.

இப்போது நடக்கும் வேலை அளவைப் பற்றியது. பாதத்தின் கோணங்களுக்கு மருத்துவர்கள் இத்தனை ஆண்டுகளாகப் பயன்படுத்தும் எண்கள் எல்லாம் தட்டை நிழலில் கோடு போட்டு எடுத்தவை. முப்பரிமாணத்தில் அதே கோணம் வேறு எண்ணாக வரும். எது இயல்பு, எது நோய் என்ற எல்லையைப் புதிதாகப் போட வேண்டியிருக்கிறது. பிரான்சின் பிரான்சுவா லின்ட்ஸும் சகாக்களும் 2017-ல் முன்வைத்த அளவு ஒன்று எனக்குப் பிடித்தமானது. பாதம் தரையைத் தொடும் மூன்று இடங்களை, அதாவது குதிகாலையும் முதல், ஐந்தாம் விரல்களின் அடி எலும்புத் தலைகளையும், குறித்துக்கொள்கிறார்கள். கணு எலும்பின் உச்சியின் மையத்தை நான்காவதாக வைக்கிறார்கள். மேலிருந்து இறங்கும் உடல் பாரம் அந்த முக்காலியின் நடுக்கோட்டிலிருந்து உள்ளேயோ வெளியேயோ எவ்வளவு விலகி விழுகிறது என்பதைப் பாத நீளத்தில் இத்தனை சதவீதம் என்று கணக்கிடுகிறார்கள். விலகல் ஒரு பக்கம் போனால் பாதம் சரிகிறது, மறுபக்கம் போனால் கணுக்கால் அடிக்கடி மடங்குகிறது. நான்கு புள்ளிகளையும் ஒரே எக்ஸ்ரே நிழலில் குறிக்க வழியில்லை; நோயாளி படுத்திருந்தால் முக்காலிக்கே பொருளில்லை.